தைக்கத் தெரியாதவளுக்கு ஒரு தையல் மெசின்

கோப்பாயில் இருந்த பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு நான் எட்டு வயதில் போனேன். அம்மா இறந்துவிட்டார். அப்பா இருந்தார், வேறொரு குடும்பத்தோடு நன்றாகவே இருந்தார். ஆகவே என்னை அநாதை என்று சொல்வது சட்டப்படி பிழை. இல்லத்தின் நிர்வாக சபையார் இதில் மிகவும் கவனமானவர்கள். அறிக்கைகளில் "பெற்றோர் பராமரிப்பை இழந்த பிள்ளை" என்றுதான் எழுதுவார்கள். விருந்தினர்களுக்கு எங்களைக் காட்டும்போது மட்டும் "அநாதைப் பிள்ளையள், பாவம்" என்பார்கள்.

இல்லத்தில் எதுவும் ஒருத்திக்கென்று தனியாக இருந்ததில்லை. சவர்க்காரம் பொது, சீப்பு பொது, அதனால் பேனும் பொது. என் பெயருக்கென்று முதன்முதலில் கிடைத்த சொத்து ஒரு வங்கிப் புத்தகம். அதை நான் இரண்டு தரம் கையில் பிடித்திருக்கிறேன். ஒன்று அதைத் தந்தபோது. மற்றது, தருவதைப் படம் எடுத்த பிறகு அதைத் திருப்பி அலுவலக அலுமாரிக்குள் வைக்கக் கொடுத்தபோது.

அந்தப் புத்தகம் வந்த நாள் பெரிய விழா. கனடாவில் இருந்த ஒரு அம்மையார் எங்களுக்காக ஒரு சேமிப்புத் திட்டத்துக்குப் பணம் தர ஒத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எவ்வளவு சேமிக்கிறோமோ அதே அளவை அவரும் போடுவார். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டுப் போகும்போது அந்தப் பணத்தோடு சொந்தக் காலில் நிற்கலாம். "இல்லத்துப் பிள்ளைகளின் பொருளாதாரச் சுதந்திரத்துக்கான சேமிப்புத் திட்டம்" என்று பதாகை அடித்திருந்தார்கள். முற்றத்துத் தென்னைகள் இரண்டுக்கும் இடையில் அது அடங்கவில்லை. "சுதந்திரத்துக்கான" என்ற சொல்லை மடித்துத் தென்னைக்குப் பின்னால் கட்டினார்கள்.

பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சிறுதுளி பெருவெள்ளம் என்று பேசினார். துளி எங்கிருந்து விழும் என்பதை அவர் சொல்லவில்லை. எங்களிடம் ஒருத்தியிடமும் ஒரு சதம் இல்லை. இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கைக்காசு கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பது சபையின் பழைய தீர்மானம். நாங்கள் சேமிக்கும் பூச்சியத்துக்குச் சமமாகக் கனடாவிலிருந்தும் பூச்சியம் வரும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் உண்டியலும் தந்தார்கள், மாம்பழ வடிவத்தில். அதை ஆட்டினால் சத்தம் வராது. சின்னப் பிள்ளைகள் அதற்குள் புளியங்கொட்டை போட்டு ஆட்டினார்கள்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் பயிற்சிப் பட்டறை நடத்த வந்தார். தேவை என்றால் என்ன, விருப்பம் என்றால் என்ன என்று படிப்பித்தார். விருப்பங்களைக் குறைத்தால் சேமிப்புக் கூடும் என்றார். என் பக்கத்தில் இருந்தவள் கையை உயர்த்தினாள். அவள் என்னைவிட ஒரு வயது இளையவள், குருநகர்ப் பிள்ளை, கடலோரத்தில் வளர்ந்தவள்.

"மிஸ், மீன் தேவையோ, விருப்பமோ?"

மிஸ் யோசித்தார். "விருப்பம்தான், பிள்ளை."

"அப்ப நாங்கள் வந்த நாளிலையிருந்து சேமிச்சுக்கொண்டுதான் இருக்கிறம், மிஸ்," என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார், பாவம். அன்றிலிருந்து அவள் எனக்குத் தோழி.

உண்டியலுக்குள் ஏதாவது விழவேண்டும் என்று முதலில் தீர்மானித்தவளும் அவள்தான். இல்லத்துப் பின்வளவில் முருங்கையிலும் கமுகிலும் வெற்றிலைக் கொடி படர்ந்து கிடந்தது. யாரும் கவனிப்பதில்லை. மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்குச் சனிக்கிழமைகளில் வெற்றிலை மாலை சாத்துவார்கள். கோயிலடியில் மாலை விற்கும் ஒரு அம்மாவை அவள் எப்படியோ பிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் இருவரும் வெற்றிலை பறித்து மாலை கட்டுவோம். மறுநாள் காலையில் அந்த அம்மா சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

எங்களைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வை அன்ரிக்கு இது தெரியும். இல்லத்திலேயே தங்கி, எங்களோடு சாப்பிட்டு, எங்கள் பேனையும் பங்கிட்டுக்கொண்ட மனிதர் அவர். "படிப்புக் கெடாட்டில் கட்டுங்கோ. ஐயாவின்ரை கண்ணிலை மட்டும் படாதேங்கோ," என்று சொல்லிவிட்டு, நார் கிழிக்க அவரும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஐயா என்றது சபையின் செயலாளரை. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சுருக்கமும் இராது. பணத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், அது எப்படி வருகிறது என்பதைத் தவிர.

ஏழெட்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. மாம்பழத்தைத் திறந்து வங்கியில் போட்டோம். கனடாவும் சொன்ன சொல் தவறாமல் போட்டது. பிறகு ஒரு சனிக்கிழமை ஐயா குடும்பத்தோடு ஆஞ்சநேயரிடம் போனார். சனி தோசம். மாலை விற்கும் அம்மா அவரை அடையாளம் கண்டு, அவருக்குச் சந்தோசம் கொடுப்பதாக நினைத்து, "ஐயா, உங்கடை பிள்ளையள் கட்டினதுதான். எவ்வளவு வடிவு பாருங்கோ," என்று சொல்லிவிட்டார்.

பின்னேரம் எங்கள் இரண்டு பேரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"ஆரைக் கேட்டு யாவாரம் செய்தனீங்கள்?"

"சேமிக்கச் சொன்னனீங்கள் எல்லோ ஐயா," என்றேன்.

"சேமிக்கத்தான் சொன்னது. உழைக்கச் சொன்னதோ? இல்லத்துப் பிள்ளையள் கோயில் வாசலிலை யாவாரம் எண்டா வெளிநாட்டிலை இருக்கிறவை என்ன நினைப்பினம்? சிறுவர் தொழில் எண்டு நாளைக்கு ஒருத்தன் பேஸ்புக்கிலை போட்டால்?"

தோழி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப ஐயா, உழைக்காமல் என்னெண்டு சேமிக்கிறது?"

"வாய் கூடிப்போச்சு," என்றார்.

அத்தோடு மாலை நின்றது. கொடியையும் வெட்டுவித்துவிட்டார். ஆனால் அந்த ஆண்டறிக்கையில் நாங்கள் மாலை கட்டும் படம் ஒன்று வந்தது. அன்ரி தன் போனில் ஆசைக்கு எடுத்த படம். அதன் கீழே "திட்டத்தினால் பிள்ளைகளிடம் உருவாகியுள்ள சுயதொழில் ஆர்வம்" என்று அச்சடித்திருந்தார்கள்.

கணக்கில் கிடந்த பணம் வட்டியோடு வளர்ந்தது. நாட்டில் நெருக்கடி வந்த ஆண்டில் பாணின் விலையும் வளர்ந்தது, அதுவும் எங்கள் வட்டியைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு வளரவில்லை. சேமிப்பவர் வீண்போவதில்லை என்ற ஐயாவின் கையெழுத்து அலுவலகச் சுவரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பதினெட்டு வந்தது. இல்லத்தில் பதினெட்டாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார்கள், பிறகு எப்போது போகிறாய் என்று கேட்பார்கள். எனக்கு அப்போது மருதனார்மடச் சந்தியில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை கிடைத்திருந்தது. போட்டோக் கொப்பி எடுப்பது, ரீலோட் போடுவது, விண்ணப்பம் தட்டச்சுச் செய்வது. சம்பளத்தில் வாடகை கட்டலாம். ஆனால் அறை தர ஒத்துக்கொண்ட வீட்டுக்கார அம்மா முற்பணம் கேட்டார். என் கணக்கில் இருந்தது அதற்குக் கிட்டத்தட்டப் போதும்.

கணக்கு என் பெயரிலும் சபையின் பெயரிலும் கூட்டாக இருந்தது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது. சபையின் முன்னால் போய் நின்றேன். ஒரு மேசையில் ஆறேழு பெரியவர்கள், நடுவில் வடையும் தேநீரும்.

"சொல்லும் பிள்ளை, உம்மடை சேமிப்பை என்ன செய்யப்போறீர்?" என்றார் ஐயா. சபையில் இருக்கும்போது அவர் எங்களை நீர் என்பார்.

"அறைக்கு முற்பணம் கட்டவேணும் ஐயா."

மேசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாடகை செலவு, பிள்ளை. முதலீடு இல்லை. உந்தக் காசு உம்மடை எதிர்காலத்துக்கு."

"இருக்க இடமில்லாட்டில் எதிர்காலத்திலை எங்கை ஐயா இருக்கிறது?"

வடையைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரை ஏறியது. ஐயா அசையவில்லை. "முன்னம் போன பிள்ளையள் எல்லாருக்கும் தையல் மெசின்தான் குடுத்தனாங்கள். நல்லா இருக்கினம். நீரும் தைச்சுப் பிழைக்கலாம்."

"எனக்குத் தைக்கத் தெரியாது ஐயா."

"பழகலாம்," என்றார்.

அப்படியாக என் பொருளாதாரச் சுதந்திரம் ஒரு தையல் மெசினாக வந்து சேர்ந்தது. என் காசில், என்னைக் கேட்காமல், எனக்கே அன்பளிப்பாக. அதற்கும் ஒரு விழா. மெசினுக்கு மாலை போட்டார்கள், எனக்குப் போடவில்லை. மெசினின் சில்லில் கை வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். அந்தப் படத்தில் நான் உண்மையாகவே சந்தோசமாக இருப்பது போலத்தான் தெரிகிறது.

அடுத்த நாள் அன்ரி ஒரு ஓட்டோவைப் பிடித்துத் தந்தார். மெசின், என் பை, நான். ஓட்டோக்காரர் எங்கே போக என்று கேட்டபோதுதான், மெசினைக் கொண்டு போக எனக்கு இடமில்லை என்பது முழுதாக உறைத்தது. அறை எடுக்காதவளுக்கு வீட்டுத் தளபாடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"மருதனார்மடம்," என்றேன்.

எங்கள் கொமினிகேசனுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு தையல்கடை. அதை நடத்திய அக்கா வாய்க்குள் குண்டூசிகளை வைத்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் கதைப்பார், ஒரு ஊசியும் விழாது. அவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் ஊசிகளை எல்லாம் எடுத்துவைத்தார். அவ்வளவு பெரிய விசயம்.

"புது மெசினடி. பெட்டி மணம்கூடப் போகேல்லை. விக்கப்போறியோ?"

"ஓம் அக்கா."

"குடுத்தவை கேட்டால்?"

"என்ரை காசு அக்கா."

அவர் பேரம் பேசினார்தான், ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்கவில்லை. அதோடு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவிடமும் வந்தார். அந்த அம்மா, "தாய் தேப்பன் ஆர், எந்த ஊர், ஆர் பொறுப்பு?" என்று அடுக்கிக்கொண்டு போக, அக்கா இடையில் புகுந்து, "நான் பொறுப்பு. வேறை என்ன வேணும்?" என்றார். நான் அவருக்கு அன்றுதான் ஒழுங்காக அறிமுகமானவள்.

அறை சின்னது. ஒரு யன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வளவு மாட்டுக்கொட்டில். முதல் நாள் காலையில் மணி அடிக்கவில்லை. யாரும் எழும்பச் சொல்லவில்லை. நான் வழமையான நேரத்துக்கே எழும்பி, என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் இருந்தேன். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினேன். திறந்தேன். திரும்பவும் பூட்டினேன். ஒரு திறப்பு என் கையில் இருந்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு மலிவான இரும்பு மனிதரை இந்தப் பாடு படுத்தும் என்று எந்தப் பட்டறையிலும் சொல்லவில்லை.

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தது. வெளிநாட்டிலிருந்து எல்லோரும் வரும் காலம். ஐயா போன் எடுத்தார்.

"கனடா அம்மா வந்து நிக்கிறா. உம்மடை முன்னேற்றத்தைப் பாக்கவேணுமாம். நாளைக்குப் பின்னேரம் உம்மடை அறைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். மெசினைத் துடைச்சு வடிவா வையும்."

அறை எடுக்கக் காசு எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. நான் தையல்கடைக்கு ஓடினேன்.

"என்ரை மெசினை என்னட்டையே இரவல் கேக்கிறாய்," என்றார் அக்கா. "அதிலை ஒரு கலியாணப் பிளவுஸ் நிக்குது. பொம்பிளையின்ரை தாய் நாளைக்கு வந்து இருக்கப்போறா."

"ஒரு மணித்தியாலம் அக்கா. ஒரு படம் எடுத்தவுடனை திருப்பித் தந்திடுவன்."

அவர் கொஞ்ச நேரம் என்னைத் திட்டினார். பிறகு மற்றப் பக்கத்தைப் பிடித்து ஓட்டோவில் ஏற்ற உதவினார்.

கனடா அம்மா நான் நினைத்தது போல இல்லை. பருத்திச் சேலை, காலில் ஓடுகிற சப்பாத்து, கையில் தண்ணீர்ப் போத்தல். கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ஐயா வாசலில் நின்றபடி என் முன்னேற்றத்தை விவரித்தார். நான் ஒரு நாளைக்கு எத்தனை பிளவுஸ் தைக்கிறேன் என்பதை அவரிடமிருந்துதான் நானும் தெரிந்துகொண்டேன்.

அம்மா தோளில் கிடந்த சால்வையை எடுத்தார். "கரை பிரிஞ்சு போச்சு. ஒருக்கா ஓட்டித் தாரும் பிள்ளை."

மெசினின் முன்னால் இருந்தேன். அக்கா செய்வதைப் பார்த்திருக்கிறேன். சில்லைத் தட்டி, காலால் மிதித்தேன். மெசின் பின்பக்கமாக ஓடியது. நூல் ஊசியை விட்டுக் கழன்று மேலே சுருண்டு ஒரு குருவிக்கூடு மாதிரி வந்தது.

அம்மா எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். "ஊசியிலை நூலே இல்லை," என்றார். "நான் போன புதுசிலை கார்மென்ற் ஃபக்டரியிலை நிண்டனான் பிள்ளை. உது உம்மடை மெசின் இல்லை."

ஐயா, "கொஞ்சம் பதட்டப்படுறா அம்மா," என்றார்.

பொய்யைத் தொடர்வதற்கு மேலும் தைக்கவேண்டியிருந்தது, அதற்கு எனக்கு வழியில்லை. "வித்துப்போட்டன் அம்மா," என்றேன். "அந்தக் காசிலைதான் இந்த அறை. இண்டைக்குக் காட்டுறதுக்கு இரவல் வாங்கினனான்."

மாட்டுக்கொட்டிலில் மாடு அசைபோடுவது கேட்டது. ஐயாவின் சட்டையில் முதல் தடவையாக ஒரு சுருக்கத்தைப் பார்த்தேன்.

"இவ முதலிலை என்ன கேட்டவ?" என்று அம்மா ஐயாவிடம் கேட்டார்.

"அறைக்கு முற்பணம். ஆனால் அம்மா, அது செலவு எண்டபடியால் சபை..."

"நான் ரொறன்ரோவிலை இறங்கி முதல் கட்டின காசு என்ன தெரியுமோ? ஒரு நிலக்கீழ் அறையிலை மெத்தை போடுற இடத்துக்கு. ஆரும் எனக்கு மெசின் தந்திருந்தால் அதைத் தெருவிலை வைச்சு அதுக்கு மேலை நித்திரை கொண்டிருப்பன்."

ஐயா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தையல்கடை அக்கா மூச்சிரைக்க உள்ளே வந்தார். பொம்பிளையின் தாய் கடையில் வந்து குந்திவிட்டாராம். வந்திருப்பவர்கள் யார் என்று அவர் பார்க்கவில்லை. நேரே மெசினில் இருந்த குருவிக்கூட்டைப் பார்த்து, "ஐயோ, என்ரை மெசினை என்னடி செய்து வைச்சிருக்கிறாய்!" என்று கத்தினார். பிறகுதான் நிமிர்ந்தார். ஐயாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். சிக்கை வெட்டி எறிந்து, நூல் கோத்து, சால்வையின் கரையை ஒரு ஓட்டில் முடித்துக் கொடுத்து, கூலி கேட்டார்.

அம்மா அறை அதிரச் சிரித்தார். கூலியையும் கொடுத்தார். ஐயாவும் சேர்ந்து சிரிக்கவேண்டிய கட்டாயம். நாங்கள் எல்லோருமாக மெசினைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம், ஐயாவும் ஒரு கை பிடித்தார்.

அதன் பிறகு சபை சில தரம் கூடியது. பிள்ளைகள் தங்கள் சேமிப்பைத் தாங்களே விரும்பிய தேவைக்கு எடுக்கலாம் என்று தீர்மானம் வந்தது. இப்படி ஒரு முற்போக்கான யோசனை சபைக்குத் தானாகவே தோன்றியதாக அடுத்த அறிக்கையில் இருந்தது. ஐயா அடுத்த பட்டறைக்கு என்னைப் பேசவும் கூப்பிட்டார். போனேன். அறை பார்க்கப் போகும்போது கிணறு கோடையில் வற்றுமா என்று கேளுங்கள், முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள், திறப்பில் இன்னொன்று வெட்டி நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து வையுங்கள் என்று சொன்னேன். ஐயா பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தோழி அடுத்த ஆண்டு வெளியே வந்தாள். மெசின் கேட்கவில்லை, ஒரு பழைய ஸ்கூட்டி கேட்டாள். சபைக்கு மூச்சு நின்றது, ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே. அவள் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். இந்த அறையில் என்னோடுதான் இருக்கிறாள். வாடகையைப் பாதியாகப் பிரிக்கிறோம், காஸ் முடிந்தால் யார் தூக்கி வருவது என்று முழுதாகச் சண்டை பிடிக்கிறோம்.

பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் மேற்பார்வை அன்ரி வருவார். போன முறை சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாற வருசம் என்னை நிப்பாட்டப்போகினம் பிள்ளை. வயசு போட்டுதாம்."

"எங்கை போகப்போறீங்கள் அன்ரி? ஏதும் சேத்து வைச்சனீங்களோ?"

அவர் சிரித்தார். இல்லத்தில் தங்கிச் சாப்பிட்டபடியால் அவருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதியும் கட்டவில்லை. பிள்ளைகளுக்குத் திட்டம் இருந்தது, கனடா இருந்தது, பதாகை இருந்தது. பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறு போட்டவருக்கு ஒரு மாம்பழ உண்டியல்கூட யாரும் கொடுக்கவில்லை.

தோழி எழுந்துபோய் வீட்டுக்கார அம்மாவிடம் பக்கத்து அறை எப்போது காலியாகும் என்று கேட்டுவிட்டு வந்தாள். தை மாதமாம். முற்பணம் இந்த முறை கூடவாம். இன்று காலை கடைக்குப் போகிற வழியில் ஐயாவுக்குப் போன் எடுத்தேன், சபையில் ஒரு விசயம் கதைக்கவேண்டும் என்று.

"என்ன பிள்ளை, மெசின் ஏதும் வேணுமோ?" என்றார். பகிடிதான். அவருக்கும் இப்போது பகிடி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எனக்கும் ஒரு கதிரை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.